அம்மாவுக்கு வரவேண்டியது

வேலையை விட்டுவிட்டு வந்த அன்று இரவு அம்மா தன் பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், கால்வலித் தைலம், அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை, ஒரு கவர். கவருக்குள் 20,000 ரூபாய். “அண்ணாச்சி கையாலயே குடுத்தாவ. இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும்னு சொல்லிட்டாவட்டி” என்றாள். கண் கலங்கியிருந்தது. மனம் நிறைந்துதான் கலங்கியிருந்தாள்.

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடை. நான்கு மாடி, அறுபதுக்கும் மேல் ஆட்கள். அம்மா 2006 ஜூனில் சேலைப் பிரிவில் சேர்ந்தாள், 2024 பிப்ரவரியில் நின்றாள். 17 வருடம் 8 மாதம். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் சேலைகளை விரித்துக் காட்டி மறுபடி மடித்திருப்பாள் என்று யாரும் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

நான் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். ஊரில் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு மாதாமாதம் பிஎஃப் என்னும் வைப்புநிதிக்கும் ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கும் சலான் போடுவது என் வேலை. யார் யாருக்கோ நாள் தவறாமல் பணம் கட்டுகிறவள், அம்மாவின் சம்பளச் சீட்டை ஒருநாள்கூட வாங்கிப் பார்த்ததில்லை. இப்போதும் அது எனக்கு உறுத்தல்தான். அன்று இரவுதான் முதல்முறையாகக் கேட்டேன்: “எதுலயாவது கையெழுத்து வாங்குனாவளாம்மா?”

“ரெண்டு பேப்பர்ல போட்டேன். ரூவா வாங்குனதுக்கு ஒண்ணு. எனக்கு வரவேண்டிய பாக்கி ஒண்ணும் இல்லன்னு ஒண்ணு.”

அந்த இரண்டாவது பேப்பரில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்கு வரவேண்டியது நிறைய இருந்தது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையோ கம்பெனியோ, அங்கே ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் விலகும்போது கிராஜுவிட்டி கொடுத்தாக வேண்டும். 1972-ஆம் வருடச் சட்டம். கணக்கு ரொம்ப எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி 26-ஆல் வகுத்தால் ஒருநாள் சம்பளம் வரும். அதில் 15 நாள் சம்பளம், ஒவ்வொரு வருடத்துக்கும். கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் நின்றால் அதையும் முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 11,700 ரூபாய். ஒருநாளுக்கு 450. பதினைந்து நாளுக்கு 6,750. 17 வருடம் 8 மாதம் என்பது கணக்கில் 18 வருடம். 1,21,500 ரூபாய்.

நான் தாளில் எழுதிக் காட்டினேன். அம்மா அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளைத் திருப்பி வைத்துவிட்டாள். “அண்ணாச்சி சோறு போட்டவியட்டி. அவிய மேல எழுதிப் போட்டா நல்லாவா இருக்கும்?”

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அந்தப் பணத்துக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். பணிக்கொடை. கொடை என்றால் என்ன? கேட்காமல் கொடுப்பது, மனம் இரங்கிக் கொடுப்பது, கோயில் கொடைக்கு எழுதுவது போல ஒருவர் தன் விருப்பத்தில் எழுதுவது. கொடையைக் கேட்டு வழக்குப் போட முடியுமா? கேட்டால் அது கொடையாக இருக்குமா? பெயரிலேயே வாயை அடைத்தாயிற்று. அம்மாவுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் அந்தச் சொல்லின் குணம் நன்றாகத் தெரியும். போனஸும் அப்படித்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் இனிப்புப் பெட்டியோடு வரும் கவர். “இந்தத் தடவ அண்ணாச்சி ஒரு மாசச் சம்பளம் குடுத்துட்டாவ” என்று தெருவில் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். போனஸ் சட்டம் 1965-இலேயே வந்தது. அது சொன்ன குறைந்தபட்ச அளவு வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம். நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது அந்த 8.33தான். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது என்றாலும், அந்த ஒரு மாதம் எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். நஷ்டம் வந்த வருடத்திலும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று எழுதி வைத்த அடிமட்டத்தைத்தான் நாம் தாராளம் என்று நினைத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறோம்.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்று அம்மா மறுநாள் காலையில் சொன்னாள். அவள் ராத்திரி தூங்கவில்லை என்று தெரிந்தது. அந்தப் பழமொழியை நானும் மதிக்கிறேன். ஆனால் 17 வருடம் யார் யாருக்கு உப்பிட்டார்கள்? ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ராத்திரி பதினொரு மணிவரை நின்றது யார்? எட்டு மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று 1947-ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்குக் கிடைத்தது பரோட்டாவும் வீட்டில் இறக்கிவிட வேனும். அதைக்கூட அவள் நன்றியோடுதான் சொல்வாள்.

அந்தச் சட்டத்தில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஒரு வருடம் முடித்தவருக்கு அடுத்த வருடத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. உடம்பு சரியில்லை என்றால் 12 நாள். தற்செயல் விடுப்பு 12 நாள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை. இவை எல்லாமும் அம்மாவின் கடையில் “லீவு கேட்டா அண்ணாச்சி இல்லன்னு சொல்ல மாட்டாவ” என்ற ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டன. வார விடுமுறைக்காக இந்தப் பக்கத்தில் எவ்வளவு போராடியிருக்கிறார்கள்! தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908-இல் வேலையை நிறுத்தியபோது கேட்டவற்றில் வார விடுமுறையும் ஒன்று. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். வாங்கியும் காட்டினார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணிநேரத் தூரத்தில் நடந்த கதை இது. நாங்கள் பள்ளியில் வ.உ.சி.யின் கப்பலைப் படித்தோம், செக்கைப் படித்தோம். இதை அந்த அளவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சம்பளச் சீட்டு என்றேன் இல்லையா, அதை அப்புறம் தேடி எடுத்தோம். மொத்தம் 13,500. பிடித்தம் போகக் கையில் 11,994. ‘பிடித்தம்’ என்ற சொல்லை அம்மா அபராதம் மாதிரிதான் சொல்வாள். பிஎஃப்பில் 1,404, ஈஎஸ்ஐயில் 102. “பிடிக்காத கடையிலயே இருந்திருக்கலாம், கூட ஆயிரத்தைந்நூறு வந்திருக்கும்” என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் பேசிக்கொள்வார்களாம். அந்த 1,404-க்குச் சமமாக முதலாளி தன் பங்காக இன்னொரு 1,404 கட்டுகிறார், அதில் 975 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, 429 ரூபாய் பிஎஃப்பிலேயே சேர்கிறது என்று யாராவது அவர்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். உட்காரவைத்து என்று எழுதும்போதே கை நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிஎஃப் பாஸ்புக்கைச் செல்போனில் திறந்தோம். யுஏஎன் எண், அதாவது கடை மாறினாலும் மாறாத பிஎஃப் எண், சம்பளச் சீட்டிலேயே இருந்தது. பணம் இருந்தது, மாதம் விட்டுப்போகாமல் இருந்தது. ஆனால் கணக்கு தொடங்கியது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தின ஏழு வருடத்தைக் காணோம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் அம்மா மாதிரிக் குறைந்த சம்பளக்காரரைச் சேர்ந்த நாளிலிருந்தே பிஎஃப்பில் சேர்த்திருக்க வேண்டும். அதற்குத் தனியாக பிஎஃப் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் முடிவு வரவில்லை. ஒரு நல்லது, 2013-இலிருந்து பார்த்தாலும் பத்து வருடம் தாண்டிவிட்டது. ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டும். அம்மாவுக்கு இப்போது 52 வயது, 58-இல் மாதாமாதம் வரும். ஐம்பது வயது தாண்டியவர் முன்கூட்டியே வாங்கலாம்தான், ஆனால் 58-க்கு முன்னால் எத்தனை வருடமோ அத்தனை நாலு சதவீதம் குறைந்துவிடும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள், இன்றுவரை அதே ஆயிரம்தான். பெரிய தொகை இல்லை. ஆனாலும் “மாசா மாசம் எம்பேர்ல வருமா?” என்று அம்மா கேட்ட குரலை என்னால் மறக்க முடியாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜவுளிக்கடைகளில் இளம்பெண்கள் மூன்று நான்கு வருடம் இருந்துவிட்டுக் கல்யாணத்துக்கு நிற்பார்கள். நின்றபின் பிஎஃப்பை, அந்த ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து, மொத்தமாக எடுத்துவிடுவார்கள். பிறகு பிள்ளை பெரிதானதும் இன்னொரு கடையில் சேர்வார்கள். வருடக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பழைய கணக்கை எடுக்காமல் விட்டு, புதிய கடையில் அதே யுஏஎன் எண்ணைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பணமுடை என்ன என்று எனக்குத் தெரியும், எடுக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. எடுத்தால் எது போகிறது என்றாவது தெரிந்து எடுக்கட்டும்.

ஈஎஸ்ஐ கதை இதைவிட வருத்தம். 2022-இல் அம்மாவுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, புண்ணாகிவிட்டது. ஈஎஸ்ஐ மருத்துவமனைக்குத்தான் போனோம். மருந்தும் பார்வையும் இலவசம் என்பதோடு எங்கள் அறிவு நின்றுவிட்டது. 22 நாள் வீட்டில் இருந்தாள். 22 நாளும் சம்பளம் இல்லை. மருத்துவர் சான்று கொடுத்திருந்தால், முதல் இரண்டு நாள் போக மற்ற நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் ஈஎஸ்ஐயே கொடுத்திருக்கும், வருடத்துக்கு 91 நாள்வரை. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அம்மா நாள் தவறாமல் கட்டியவள். நான் அதே மாதம் வேறு கடைகளின் ஈஎஸ்ஐ கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 0.75 சதவீதம் தொழிலாளி, 3.25 சதவீதம் முதலாளி என்று விகிதம் எனக்கு மனப்பாடம். அந்தப் பணம் எதற்கு என்று ஒருநாள் யோசித்திருந்தால் போதும்.

இப்போது அந்தக் கால்.

ஜவுளிக்கடையில் நிற்பது என்றால் என்ன என்று வாங்கப் போகிறவர்களுக்குத் தெரியாது. எனக்குமே அம்மா வீட்டுக்கு வந்து காலைத் தலையணைமேல் தூக்கிவைப்பதைப் பார்த்துத்தான் தெரியும். காலை ஒன்பதரைக்கு நின்றால் மதியச் சாப்பாட்டுக்கு அரைமணிநேரம் உட்காரலாம். பிறகு ராத்திரி ஒன்பதுவரை நிற்க வேண்டும். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியத்திலும் நிற்க வேண்டும். யாரும் இல்லாத கடையில், மடித்த சேலையையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சும்மா நின்றால் சூப்பர்வைசர் கேட்பார். சாய்ந்தால் கேட்பார். கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. அம்மாவும் அதில் ஒருத்தி. அவள் தண்ணீர் பாட்டில் எப்போதும் பாதியோடு வீட்டுக்குத் திரும்பும்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் இதே வேலை பார்த்த பெண்கள் இதற்காகத்தான் ஒன்றுசேர்ந்தார்கள். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். விஜி என்ற தையல்காரப் பெண் முன்னால் நின்றார். வருடக்கணக்கில் விடாமல் நின்று, 2018-இல் கேரளத்தில் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். அதைப் பின்பற்றி 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் கடைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. 22-ஏ என்று ஒரு பிரிவு. எல்லாத் தொழிலாளர்களுக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை கூடாது. ஒரு மனிதர் உட்காரலாம் என்பதை எழுதிவைக்க 2021 ஆகியிருக்கிறது.

அம்மாவின் கடையிலும் ஸ்டூல் வந்தது. கவுண்டருக்குப் பின்னால், இரண்டு பேருக்கு ஒன்று. வந்த முதல் வாரம் எல்லோரும் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்களாம். அம்மா அதை வீட்டில் வந்து சொன்னாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அப்புறம் ஒருநாள் சூப்பர்வைசர், “கேமராவுல பாத்தா எல்லாரும் உக்காந்தே இருக்க மாதிரி தெரியுதாம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அதட்டவில்லை, தடுக்கவில்லை. அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. ஸ்டூலின்மேல் பார்சல் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்கள். 2022-இல் அம்மாவுக்குக் கால் புண் வந்தபோதும் அந்த ஸ்டூல் அதே இடத்தில்தான் இருந்தது.

நான் இப்போது எந்தக் கடைக்குப் போனாலும், “உட்கார்ந்துகொண்டே காட்டுங்கள் அக்கா, நான் இங்கிருந்தே பார்க்கிறேன்” என்று சொல்கிறேன். முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டு நின்றுகொண்டே இருக்கிறார்கள். சட்டத்தில் உட்காரலாம் என்று இருக்கிறது, கண்ணெதிரே ஸ்டூல் இருக்கிறது, வாடிக்கையாளரே சொல்கிறாள். ஆனாலும் உட்கார முடியவில்லை.

கிராஜுவிட்டிக்கு வருகிறேன். அம்மாவைச் சம்மதிக்க வைத்தது என் வாதம் எதுவும் இல்லை. ஒருநாள் அவளே கேட்டாள்: “இந்தத் துட்டு அண்ணாச்சி வீட்டுத் துட்டா, கடைத் துட்டா?” கடைக் கணக்கில் செலவாக எழுதும் பணம், வருமான வரியிலும் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். “அப்பம் எங்க எல்லாருக்கும்னு ஏற்கெனவே ஒதுக்குனதா?” ஒதுக்கியிருக்க வேண்டியது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, எழுது” என்றாள்.

முதலில் கடைக்கே எழுதினோம், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். கேட்காவிட்டாலும் வேலையை விட்ட முப்பது நாளில் கொடுத்திருக்க வேண்டும். எழுதி முப்பது நாளாகியும் பதில் இல்லை. பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை, நாங்கள் வைக்கவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த “பாக்கி இல்லை” பேப்பரை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். அந்தச் சட்டத்துக்கு மாறாக எந்த ஒப்பந்தத்தில் எதை எழுதியிருந்தாலும் சட்டம்தான் நிற்கும் என்று அதிலேயே இருக்கிறது. இதை எத்தனை பேருக்குச் சொல்ல முடியுமோ அத்தனை பேருக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று எத்தனையோ பேர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

விசாரணைக்கு மூன்று முறை போனோம். கடைக் கணக்கர் வந்தார். அம்மா 2013-இல்தான் சேர்ந்தாள், பிஎஃப் அதைத்தானே காட்டுகிறது என்றார். எங்களிடம் சேர்க்கை உத்தரவு கிடையாது, அந்தக் கடையில் யாருக்குமே கொடுத்ததில்லை. 2009 ஆண்டுவிழாப் படம் ஒன்று இருந்தது. பின்னால் பேனரில் வருடம் தெரியும், அம்மா இரண்டாவது வரிசையில் இருக்கிறாள். அது போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு தாளை எடுத்தாள். 2010-இல் என் பள்ளி உதவித்தொகைக்காகக் கடை லெட்டர்ஹெட்டில் வாங்கிய சம்பளச் சான்று. “2006 ஜூன் முதல் எங்கள் நிறுவனத்தில் விற்பனையாளராகப் பணிபுரிந்து வருகிறார்” என்று, முத்திரையோடு. மடிப்பில் கிழிந்திருந்தது. பதினான்கு வருடம் பத்திரமாக வைத்திருந்தாள், நான் படித்த நினைவாக.

கணக்கர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்த இருபதாயிரத்தையாவது கழித்துக்கொள்ள வேண்டும் என்றார். அலுவலர் வவுச்சரைக் கேட்டார். அதில் ‘அன்பளிப்பு’ என்று அவர்களே எழுதியிருந்தார்கள். கணக்கரே அதைப் படித்துவிட்டு, கோரிக்கையை விட்டுவிட்டார். 1,21,500 ரூபாய்க்குக் காசோலை வந்தது. தாமதத்துக்கு வட்டியும் கேட்டிருக்கலாம், அம்மா வேண்டாம் என்றாள். அது அவள் முடிவு. வெளியே வராந்தாவில் கணக்கரைப் பார்த்து, “அண்ணாச்சி சொகமா இருக்காவளா?” என்று கேட்டாள். அவரும் “இருக்காவம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. கிராஜுவிட்டியும் அதற்குள் போய்விட்டது. 15 நாள் கணக்கு மாறவில்லை. குறித்த காலத்துக்கு என்று எழுதி எடுக்கும் ஆட்களுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. எல்லோருக்கும் சேர்க்கை உத்தரவு கொடுக்க வேண்டும் என்றும் வந்திருக்கிறது. அடிப்படையைச் சின்னதாகக் காட்டிப் படிகளை ஏற்றி எழுதும் வழக்கத்துக்கு, மொத்தத்தில் பாதியாவது சம்பளக் கணக்கில் வர வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வேலை நேரத்தையும் சங்கங்களையும் பற்றி அந்தத் தொகுப்புகள்மேல் தொழிற்சங்கங்களுக்குப் பெரிய எதிர்ப்பு இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். சேர்க்கை உத்தரவு ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொள்கிறேன். அந்த ஒரு தாள் இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அம்மா இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். கடையில் அவளோடு இருந்தவர்கள் ஒவ்வொருவரும் எந்த மாதம் சேர்ந்தார்கள் என்று நினைவிலிருந்து எழுதிவைத்திருக்கிறாள். ‘முதல் மாடி, பெரியவ, 2011 சித்திரை.’ ‘பில் போடுத புள்ள, ஆயுதபூஜைக்கு அடுத்த நாள்.’ வார விடுமுறை கிடைக்கும் நாளில் ஒருத்தியோ இரண்டு பேரோ வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா முதலில் அவர்களை நாற்காலியில் உட்காரச் சொல்கிறாள், தண்ணீர் கொடுக்கிறாள், அப்புறம்தான் நோட்டை எடுக்கிறாள்.

போன வாரம் வந்தவளுக்கு மாசியில் கல்யாணம். நாலு வருடம் ஐந்து மாதம் ஆகியிருக்கிறது, இந்த மாதமே நிற்கப் போகிறேன் என்றாள். நாலு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டிக்குத் தகுதி உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் விடுப்பு நாளையெல்லாம் சேர்க்கலாமா என்று யோசித்து, விரலைவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “லெட்டரை இன்னும் குடுக்கலலா?”

“இல்ல பெரியம்ம. பையிலதான் இருக்கு.”

“இங்க எடு.”